பரந்தனில் பிறந்த குளோரீன்: வன்னியின் நீரும் ஒரு தொழிற்சாலையின் கதையும்

நீச்சல் தடாகத்தின் நீரை எவ்வாறு பேணுவது என்று வன்னியில் ஒருவர் கேட்டால் முன்னொரு காலத்தில் ஊரே சிரித்திருக்கும். குடிப்பதற்கே பவுசரை எதிர்பார்த்திருக்கும் பூநகரிப் பிரதேசத்தில் தடாகத்துக்கு எங்கே போவது? ஆயினும் காலம் மாறிவிட்டது. போருக்குப் பின்னர் ஏ-9 வீதியை அண்டி விடுதிகள் எழுந்தன. புலம்பெயர்ந்த உறவுகள் ஊரில் கட்டும் சில வீடுகளின் முற்றத்திலும் நீலநிறத் தரைகொண்ட சிறு தடாகங்களைக் காண முடிகிறது. ஒரு மாதம் பளிங்குபோல் இருந்த நீர் அடுத்த மாதம் பச்சையாகிவிட்டதே, என்ன மருந்து போடலாம் என்ற கேள்வி, ஜெயபுரத்தில் இருக்கும் என்னிடம்கூட தொலைபேசி வழியாக வந்து சேர்ந்தது. பத்திரிகையாளனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை எம்மவரிடையே இன்னமும் எஞ்சியிருக்கிறது போலும்.

அந்த மருந்தின் பெயர் குளோரீன். அதனை நாடு முழுவதற்கும் ஆக்கிக்கொடுத்த மண் இந்த வன்னி மண்தான் என்பதை இன்றைய தலைமுறையில் எத்தனை பேர் அறிவர்? ஜெயபுரத்திலிருந்து புறப்பட்டுப் பூநகரி வழியாகப் பரந்தன் சந்தியை அடைந்தால், அந்தக் கதை பிறந்த இடத்தை அடைந்துவிடலாம்.

தேற்றாங்கொட்டைக் காலம்

நீரைத் தூய்மை செய்யும் அறிவு ஐரோப்பியர் கொண்டுவந்து தந்ததன்று. கலங்கிய குளத்து நீரை மண்பானையில் எடுத்து, பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் சேறு அடியில் படிந்து நீர் தெளியும். வித்திலுள்ள புரதப்பொருள் நுண்ணிய மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அமிழ்த்துகின்றது. இன்றைய நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் செய்யும் வேலையும் இதுவே. கிணற்றுக்குள் நெல்லிக் கட்டையை இடுவதும் எமது முன்னோரின் வழக்கம்.

அநுராதபுரத்தில் அபயகிரி விகாரை வளாகத்திலுள்ள இரட்டைத் தடாகங்களை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். ஒன்று ஏறத்தாழ 40 மீற்றர் நீளமானது. மற்றையது 28 மீற்றர். துறவியர் நீராடிய அத் தடாகங்களுக்குள் நீர் நேரே வந்து விழுவதில்லை. நிலத்தடி வழியாக வரும் நீர், முதலில் சிறு தொட்டிகளில் தங்கி மண்டியை இறக்கிவிட்டே உள்ளே நுழையும். கீரிமலைக் கேணியில் நன்னீர் ஊறி வருவதும், கன்னியாவில் ஏழு சிறு கிணறுகளில் வெந்நீர் ஊறுவதும் இயற்கை அமைத்துத் தந்த ஏற்பாடுகள். புதுநீர் ஓயாது வந்து பழைய நீரை வெளியேற்றிக்கொண்டிருந்தால் அழுக்குத் தங்காது.

ஆனால் தெளிந்த நீர் என்பது வேறு, நோயற்ற நீர் என்பது வேறு. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைத் தேற்றாங்கொட்டை கொல்வதில்லை. இந்த உண்மையை உலகம் உணர்வதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு நச்சு வாயுவின் பயணம்

சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் ஷீலே 1774இல் குளோரீனை முதன்முதலில் பிரித்தெடுத்தார். 1810இல் அது ஒரு மூலகம் என்பதை நிறுவி, அதன் இளம்பச்சை நிறத்தை வைத்துப் பெயர் சூட்டியவர் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி. இடையில் 1799இல் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் டெனன்ற், குளோரீனை நீற்றிய சுண்ணாம்பில் உறிஞ்சவைத்து வெளிற்றும் தூளை ஆக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். துணி வெளுப்பவர்களுக்காகச் செய்யப்பட்ட தூள் அது. நாம் இன்றும் கிணற்றுக்கு இடும் பிளீச்சிங் பவுடரின் பிறப்பு இவ்வாறே நிகழ்ந்தது.

1847இல் வியன்னா மருத்துவமனையில் செம்மெல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்குமுன் இந்தச் சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவுமாறு சக மருத்துவர்களைப் பணித்தார். தாய்மாரின் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. 1854இல் லண்டனில் ஜோன் ஸ்னோ, வாந்திபேதி பரவுவது நீரினால்தான் என்பதை ஒரு தெருக்குழாயை வைத்தே காட்டினார். இரண்டையும் இணைத்து, குடிநீருக்கே குளோரீனை இடலாம் என்ற துணிவு பிறக்க மேலும் அரை நூற்றாண்டு சென்றது. இந்திய மருத்துவ சேவையிலிருந்த வின்சென்ட் நெஸ்ஃபீல்ட் என்ற அதிகாரி 1903இல் குளோரீன் வாயுவால் குடிநீரைத் தூய்மைப்படுத்தும் முறை பற்றி எழுதினார். 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் குடற்காய்ச்சல் பரவியபோது அலெக்ஸாண்டர் ஹூஸ்ரன் நகரின் நீருக்குக் குளோரீனேற்றினார்.

எல்லாவற்றிலும் சுவையானது அமெரிக்காவின் ஜேர்ஸி நகரக் கதை. நகரத்துக்கு வழங்கப்படும் நீர் தூய்மையானதன்று என நீர்க் கம்பனிமீது வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1908 செப்ரெம்பரில், கம்பனியின் ஆலோசகரான ஜோன் லீல் என்ற மருத்துவர் எவரிடமும் அனுமதி கோராமல் பூன்ரன் நீர்த்தேக்கத்திலிருந்து செல்லும் நீரில் குளோரீன் கரைசலைச் சேர்க்கத் தொடங்கினார். நஞ்சை நீரில் கலந்தாரா என்று நீதிமன்றத்தில் அவரைக் குடைந்தார்கள். அந்த நீரைத் தாம் தமது குடும்பத்துக்கே கொடுக்கத் தயங்கப்போவதில்லை என்பது அவரது நிலைப்பாடு. இறுதியில் நீதிமன்றம் அம்முறையை ஏற்றுக்கொண்டது. சில ஆண்டுகளுக்குள் நகரம் நகரமாக அது பரவியது. 1910ஆம் ஆண்டளவில் பிரௌன் பல்கலைக்கழகத்தின் நீச்சல் தடாகத்துக்கும் அதே மருந்து இடப்பட்டது. ஆக, இன்று செல்வந்தர் வீட்டுத் தடாகத்தில் மிதப்பதும் ஏழையின் கிணற்றில் கரைவதும் ஒரே சரித்திரத்தின் இரு கிளைகளே.

இதே குளோரீனுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜேர்மன் படையினர் உருளைகளைத் திறந்து அவ்வாயுவைக் காற்றோடு அனுப்பினர். பதுங்குகுழிகளில் இருந்தோர் மூச்சுத்திணறி மாண்டனர். எமது தீவும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. 1990 ஜூனில் கிழக்குக் கிரான் இராணுவ முகாம்மீதான தாக்குதலில் விடுதலைப் புலிகள் குளோரீன் வாயுவைப் பயன்படுத்தியதையும், அது வாழைச்சேனைக் காகித ஆலையிலிருந்து பெறப்பட்டதையும் போரியல் ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். அன்று காற்றுத் திரும்பி ஏவியவர்களையே நாடியது என்பதும் அப்பதிவுகளில் உண்டு. காகிதத்தை வெளுக்க வந்த வாயு மனிதரின் சுவாசப்பைக்குள் புகுந்தது. பரந்தனின் கதையைச் சொல்ல வந்தவன் இதையும் சொல்லாமல் விடுவது முறையன்று.

உப்பிலிருந்து எழுந்த ஆலை

சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் ஜி. ஜி. பொன்னம்பலம். காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் காகிதம், பரந்தன் இரசாயனம் ஆகிய மூன்று தொழிற்சாலைகளோடும் அவரது பெயர் பேசப்படுவதுண்டு. அவரது அரசியலை ஏற்காதோரும் இந்த மூன்றையும் மறுத்ததில்லை. ஐம்பதுகளில் பரந்தன் தொழிற்சாலை எழுந்தது. ஊர் மக்களுக்கு அது ‘கெமிக்கல் பக்டரி’.

ஏன் பரந்தன்? அதற்கான விடை வடக்கே சில மைல் தொலைவிலுள்ள ஆனையிறவு உப்பளத்தில் இருக்கிறது. உப்பைக் கரைத்து அக்கரைசலினூடாக மின்னைச் செலுத்தினால் மூன்று பொருள்கள் பிரிந்து வருகின்றன. ஒரு முனையில் குளோரீன், மறுமுனையில் ஐதரசன், கரைசலில் எஞ்சுவது எரிசோடா. எரிசோடா சவர்க்காரத் தொழிலுக்குச் சென்றது. குளோரீனையும் ஐதரசனையும் சேர்த்தால் ஐதரோகுளோரிக்கமிலம். மிஞ்சிய குளோரீன் திரவமாக்கப்பட்டு உருளைகளில் அடைக்கப்பட்டு நாட்டின் நீர் வழங்கல் நிலையங்களுக்குப் புறப்பட்டது. கடல் நீரை வெயில் உப்பாக்கியது. உப்பை மின்சாரம் மருந்தாக்கியது. வெளிநாட்டு மூலப்பொருள் வேண்டாத இப்படியொரு தொழில் அமைவது ஒரு நாட்டுக்குக் கிடைக்கும் பேறு. கொழும்பில் ஒருவர் குழாயைத் திறந்து அச்சமின்றி நீர் பருகியபோது அதற்குள் ஆனையிறவின் உப்பும் வன்னித் தொழிலாளியின் வியர்வையும் கரைந்திருந்தன என்று சொன்னால் அது மிகையன்று.

இப்படியான ஆலையில் வேலை செய்தவர்கள் வெறும் கூலியாட்களாக இருந்திருக்க முடியாது. கரைசலின் செறிவு, மின்னோட்டத்தின் அளவு, உருளையின் அமுக்கம் என எல்லாவற்றையும் மணிக்கு மணி அளக்க வேண்டும். வால்வு ஒன்று பிசகினால் சுற்றாடலே மூச்சுத்திணறும். விவசாயப் பிரதேசம் என்று மட்டுமே எழுதப்பட்ட வன்னிக்குள் அளந்து வேலை செய்யும் ஒரு தொழிற்பரம்பரை அவ்வாறு முளைவிட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் போர்ச்சூழல் அதன் உற்பத்தியை முடக்கியது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் தொழிற்சாலை முற்றாகக் கைவிடப்பட்டுச் சிதைந்தது. பரந்தன் ஏ-9 வீதியில் அமைந்த ஊர். ஆனையிறவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலான ஒவ்வொரு சமரும் அதைக் கடந்தே போயிற்று. நிறுவனம் மட்டும் பரந்தன் என்ற பெயரோடு தலைநகரில் உயிர்வாழ்ந்தது. தான் ஒருகாலத்தில் ஆக்கிய குளோரீனை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து நீர் வழங்கல் சபைக்கு விநியோகிக்கும் நிறுவனமாக அது மாறிற்று. பெயர்ப் பலகையில் வன்னி. உருளைக்குள் பிறநாட்டு வாயு.

கொடுத்தவர் கையேந்திய காலம்

தொண்ணூறுகளில் வன்னிக்குள் எரிபொருளும் சீமெந்தும் உரமும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சீமெந்து இல்லையேல் கிணற்றுக்குக் கட்டு இல்லை. கட்டில்லாத கிணற்றுக்குள் முதல் மழையோடு முற்றத்து அழுக்கெல்லாம் இறங்கும். எரிபொருள் இல்லையேல் இறைத்துச் சுத்தம் செய்யவும் வழியில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்த மக்களில் பெருந்தொகையினர் வன்னிக்குள் வந்துசேர்ந்தபோது, ஒரு குடும்பத்துக்கென வெட்டிய கிணற்றைப் பல குடும்பங்கள் பங்கிட்டன. நாட்டுக்கே குளோரீன் கொடுத்த நிலத்தில், நிவாரண அமைப்புகள் தந்த குளோரீன் வில்லைக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள்.

2008இன் இறுதிப் பகுதியில் பூநகரிப் பிரதேசத்துக்கூடாகப் படைகள் முன்னேறியபோது ஜெயபுரமும் வெறுமையாயிற்று. பல்லவராயன்கட்டு, முழங்காவில், வன்னேரிக்குளம் என அயலூர் மக்கள் அனைவரும் கிழக்கு நோக்கி நடந்தனர். கிளிநொச்சியின் உயர்ந்த நீர்த்தாங்கி அடியோடு சாய்க்கப்பட்டது. போர் முடிந்தபின் தென்னிலங்கைப் பயணிகள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். முல்லைத்தீவுக் காட்டுக்குள் கடற்புலிகளின் பயிற்சிக்கென 2001இல் அமைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நீச்சல் தடாகமும் அவ்வாறே காட்சிப்பொருளாயிற்று. 83 அடி நீளம், 22 அடி ஆழம் என்று அதன் அளவை அறிவிப்புப் பலகை சொன்னது. வன்னியில் நீரோடு தொடர்புடைய எல்லாமே ஏதோவொரு வகையில் போரின் சின்னமாகிவிட்டன.

2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்குள் மக்கள் அடைக்கப்பட்டனர். அருகே ஓடும் அருவியாற்றின் கலங்கல் நீரைத் தெளியவைத்து, குளோரீன் இட்டு, தாங்கிகளுக்கு ஏற்றிப் பகிர்ந்தார்கள். அப்படியிருந்தும் நெரிசலும் மலசலகூடப் பற்றாக்குறையும் வயிற்றோட்டத்தையும் செங்கமாரியையும் அழைத்துவந்தன. ஒரு முகாமின் உயிர், தாங்கியில் எஞ்சியிருக்கும் குளோரீனின் அளவில் தங்கியிருக்க முடியும் என்பதை அந்த ஆண்டு கண்டோர் மறவார்.

மீள்குடியேற்றம் நடந்தபோது ஜெயபுரத்தில் முதலில் நடந்த வேலைகளுள் ஒன்று கிணறு இறைப்பு. நீண்டகாலம் எவரும் தொடாத கிணறுகள். உள்ளே என்ன கிடக்கின்றது என்பது எவருக்கும் தெரியாது. நீரை இறைத்து, சேற்றை வாரி, உட்சுவரைச் செறிவான குளோரீன் கரைசலால் தேய்த்துக் கழுவி, ஊறிவந்த நீருக்கு மீண்டும் மருந்திட்டு ஓர் இரவு விட்டார்கள். பின்னர் மணம் தணியும்வரை இறைத்தார்கள். அங்கு நான் கேட்ட ஓர் உரையாடல் இன்னமும் நினைவிலுள்ளது.

“தம்பி, உந்த மருந்துத் தண்ணியிலை தேத்தண்ணி வைச்சால் வாயிலை வைக்கேலாது. எங்கடை கிணத்துக்கு வேண்டாம்” என்றார் ஒரு தாய்.

“அம்மா, மணக்குதெண்டால் அது வேலை செய்யுதெண்டு அர்த்தம். ஒரு நாள் பொறுங்கோ. பேரப்பிள்ளையளுக்கு வயித்தாலை போனால் இந்தக் காட்டுக்குள்ளாலை எந்த ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடப்போறியள்?” என்றார் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்.

அந்தத் தாய் மேலும் பேசவில்லை. கிணற்றுக்கட்டிலிருந்து வாளியை எடுத்து ஒதுக்கி வைத்தார்.

அளவறிதல்

மருந்தும் அளவை மீறினால் நஞ்சு என்பது எமது வைத்தியர்களின் பாடம். குளோரீனுக்கும் அதுவே பொருந்தும். வட்டக் கிணறு ஒன்றின் விட்டம் 3 மீற்றர், நீரின் ஆழம் 2 மீற்றர் எனக் கொள்வோம். ஆரையின் வர்க்கம் 2.25, அதை 3.14ஆலும் ஆழத்தாலும் பெருக்கினால் ஏறத்தாழ 14 கனமீற்றர், அதாவது 14,000 லீற்றர். நல்ல வெளிற்றும் தூள் ஆயிரம் லீற்றருக்கு 2.5 கிராம் வீதம் போதுமானது. எனவே 35 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு மண்டி படிந்தபின் தெளிந்த கரைசலை மட்டும் கிணற்றுக்குள் கலக்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன்பின்னும் லீற்றருக்கு அரை மில்லிகிராம் அளவில் குளோரீன் எஞ்சியிருந்தால் அந்நீர் பாதுகாப்பானது. நீர் அழுக்கானதெனில் கூடுதலாக இட வேண்டியிருக்கும். முதலாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவ மருத்துவர் ஹொரொக்ஸ் வகுத்த எளிய சோதனையால் அந்தத் தேவையை அறியலாம். தூள் திறந்தபடி கிடந்தால் வெப்பத்திலும் ஈரத்திலும் வீரியத்தை இழந்துவிடும். கடைக்காரர் பழைய தூளைக் கொடுத்தால் மனநிறைவு கிடைக்கும், பாதுகாப்புக் கிடைக்காது.

தடாகத்துக்கு வருவோம். அங்கே குளோரீன் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை நிற்க வேண்டும். அதைவிட முக்கியமானது நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் பெறுமானம்; அது 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருத்தல் நன்று. பிஎச் 7.5 அளவில் இட்ட குளோரீனில் பாதியே வலிய கிருமிநாசினியாக நிற்கும், 8.5ஐ அடைந்தால் அது பத்திலொன்றாகச் சுருங்கும். கேத்தலின் அடியில் வெண்படலம் படியவைக்கும் எமது வன்நீர் பிஎச்சை மேலே இழுக்கும் இயல்புடையது. ஆகவே மேலும் மேலும் மருந்தைக் கொட்டியும் நீர் பச்சையாகிறதே என்று கலங்குவோர், முதலில் பிஎச்சை அளந்து, சிறிதளவு அமிலத்தால் அதை இறக்க வேண்டும். அமிலத்தையும் குளோரீன் தூளையும் ஒருபோதும் நேரே கலக்கக்கூடாது. ஈப்பரில் திறந்துவிடப்பட்ட அதே வாயு உங்கள் முற்றத்தில் எழும்.

எமது வெயிலும் ஓர் எதிரி. திறந்த தடாகத்தின் குளோரீனைச் சில மணி நேரத்தில் அது அழித்துவிடும்; மாலையில் மருந்திடுவதும், குளோரீனுக்குக் குடைபோல் நிற்கும் சயனூரிக் அமிலத்தை அளவோடு சேர்ப்பதும் அதற்காகவே. சுடுநீர்த் தொட்டிகளில் இன்னும் விரைவாகத் தீரும். மூக்கைத் துளைக்கும் மணம் எழுந்தால் குளோரீன் கூடிவிட்டதென எண்ணுவார்கள். பெரும்பாலும் உண்மை மறுபுறமானது. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உருவாகும் குளோரமைன்களின் மணம் அது. குளிக்குமுன் உடலைக் கழுவிவிட்டு இறங்குவதே அதற்கான முதல் மருந்து.

குளோரீன் எல்லா நோய்க்கும் மருந்தன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பூநகரிக் கரையோரக் கிணறுகளின் உவர்ப்பை அது போக்காது. வவுனியாப் பகுதி நிலத்தடி நீரிலுள்ள புளோரைட்டை அது தொடாது. அது இயற்கைச் சேதனப் பொருள்களோடு சேர்ந்து தீங்கான துணைப்பொருள்களை உருவாக்குவதும் 1970களில் கண்டறியப்பட்டது. எனினும் கிருமிநீக்கம் செய்யாத நீரால் விளையும் ஆபத்தோடு ஒப்பிட்டால் அத்தீங்கு மிகச் சிறிது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

மீண்டும் பரந்தன்

2025 மார்ச் மாதத்தில் ஆனையிறவில் மேசையுப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதன் உற்பத்திக்கு ‘ரஜ லுணு’ எனச் சிங்களப் பெயர் சூட்டப்பட்டபோது, ஆனையிறவின் பெயர் எங்கே என்று மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை மீளத் தொடங்கும் பேச்சும் போருக்குப் பிந்திய அரசுகளின் காலத்தில் மீண்டும் மீண்டும் எழுந்தது. நான் அதை வரவேற்பவன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்பவன் அல்லன். கழிவு எங்கே செல்லும், உருளைகள் எவ்வாறு காக்கப்படும், வாயு கசிந்தால் அயலிலுள்ள பாடசாலைப் பிள்ளைகள் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெற்றபின்பே வரவேற்க வேண்டும். சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் எண்ணெய் மிதந்ததைக் கண்ட சமூகம் இவற்றைக் கேட்காமல் இருக்க முடியாது.

கட்டடத்தை மீளக் கட்டப் பணம் போதும். அளவறிந்த கைகளை எங்கே தேடுவது? பரந்தனில் உருளைக்கு வால்வு பூட்டியவர்களும் கரைசலின் செறிவை அளந்தவர்களும் இன்று முதுமையின் எல்லையில் நிற்கின்றார்கள். சிலர் வன்னியிலேயே இருக்கலாம். பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகளின் வீடுகளில் இருக்கலாம். அவர்களின் அனுபவங்கள் இதுவரை முறையாகத் தொகுக்கப்பட்டு நூலாக வந்ததை நான் காணவில்லை. இப்பக்கத்தை வாசிப்போரில் எவருடைய தந்தையாரோ பேரனாரோ அங்கு பணியாற்றியிருந்தால், அவர் அருகில் அமர்ந்து கேட்டு எழுதி எனக்கு அனுப்பிவையுங்கள். வேலை நேரம், சம்பளம், விபத்து, வேலைநிறுத்தம், முதல் உருளை புறப்பட்ட நாள் என எதுவாயினும் சரி. கையெழுத்துப் பிரதியானாலும் நான் தட்டச்சு செய்துகொள்வேன்.